பரிசுக் காரின் அருகே நிற்கும் பெண்

திருக்காட்டுப்பள்ளி
17.06.2025

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை, திருமதி கனகா வீரையன் அவர்களுக்கு வணக்கம்.

என்னைத் தங்களுக்குத் தெரியாது. என் பெயர் குணசேகரன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு எடுத்து நெல் சாகுபடி செய்கிறேன். முன்பின் அறியாத ஒரு பெண்மணிக்குக் கடிதம் எழுதுவது என் ஐம்பது வயதில் இதுதான் முதல் தடவை. தவறாக நினைக்க வேண்டாம். தங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டிவிட்டே பதில் எழுதலாம்.

இந்த மாதம் நாலாம் தேதி எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. 'சுபதாரா ஹோம் மார்ட்' என்ற கம்பெனிக்குப் பத்தாவது ஆண்டு விழாவாம். உறைக்குள் வழவழப்பான தாளில் ஒரு விளம்பரப் புத்தகமும், சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்றும் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் மருந்து தெளிக்கும் பம்பு ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அதை வைத்து அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துச் சுரண்டினேன். 'இரண்டாம் பரிசு: கார் அல்லது ரொக்கம் பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம்' என்று வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மேனேஜர் என்றவர் நல்ல தமிழில் மரியாதையாகப் பேசினார். பதிவுக் கட்டணம், வரி என்று சில தொகைகளை முதலில் கட்ட வேண்டுமாம். நான் இன்னும் எதுவும் கட்டவில்லை. முப்பதாம் தேதி கடைசி நாள்.

அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் தங்கள் படம் இருக்கிறது. வெள்ளைக் காரின் அருகே, மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், கையில் பெரிய அட்டைச் சாவியுடன் நிற்கிறீர்கள். 'சென்ற ஆண்டின் அதிர்ஷ்டசாலி' என்று போட்டு, கீழே தங்கள் பெயரும் முழு முகவரியும் அச்சிட்டிருக்கிறார்கள். போன் நம்பர் கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். முகவரிதான் இருக்கிறதே, எழுதிக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

தங்களுக்குக் கார் வந்ததா? வந்தது என்றால் பணம் கட்டி எத்தனை நாளில் வந்தது? இந்த இரண்டுக்கும் பதில் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குணசேகரன்


அக்கரைப்பேட்டை
20.06.2025

குணசேகரன் என்பவருக்கு,

உங்கள் உறையிலேயே பதில் போடுகிறேன். உங்கள் ஆட்களுக்காக இனிமேல் என் காசில் ஐந்து ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன்.

நீங்கள் எத்தனையாவது ஆள்? முதலில் மேனேஜர் வந்தார். அப்புறம் வரி ஆபீசர் வந்தார். தை மாதம் வக்கீல் என்று ஒருவர் போன் செய்தார். இப்போது விவசாயி. அடுத்து யார், கலெக்டரா?

கார் வந்ததா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அது உங்களுக்கே தெரியாதா?

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் இருந்தேன். உறையில் தபால் முத்திரையைப் பார்த்தேன். திருக்காட்டுப்பள்ளி என்று இருந்தது. அவர்களிடமிருந்து வந்த தபால் எதிலும் நம் பக்கத்து முத்திரை இருந்ததில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் நிஜமான ஆள் என்றால் அந்தப் படத்தை நகல் எடுத்து அனுப்புங்கள். என் படம் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று ஊரே பேசுகிறது. நான் மட்டும் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

என் போன் நம்பரைக் கேட்காதீர்கள். தரமாட்டேன்.

கனகா


திருக்காட்டுப்பள்ளி
23.06.2025

சகோதரி கனகா அவர்களுக்கு,

படத்தின் வண்ண நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்களைக் கோபப்படுத்தியதற்கு மன்னிக்கவும். போன கடிதத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

நான் ஏற்கெனவே ஒரு தடவை கட்டிவிட்டேன். பதிவுக் கட்டணம் என்று பன்னிரண்டாயிரத்து எண்ணூறு, ஒன்பதாம் தேதி. என் மனைவி குந்தவைக்கு இது தெரியாது. பரிசு விழுந்ததையே சொல்லவில்லை. காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

இப்போது வரி என்று முப்பத்தெட்டாயிரம் கேட்கிறார்கள். அந்தப் பணம் கையில் இருக்கிறது. சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடன். கல்லணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் தயார். நடவுக் கூலிக்கு வைத்திருக்கும் பணம் அது.

உங்கள் கடிதம் வந்த அன்றே மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"அந்தம்மாவுக்குக் கார் கெடச்சுதா இல்லையா, சார்?"

"நீங்க அவங்களுக்கு லெட்டர் போட்டீங்களா?"

"போட்டேன். கோவமா எழுதியிருக்காங்க."

அவர் சிரித்தார். "கோவமாத்தான் எழுதுவாங்க சார். அந்தம்மா காரை வித்துக் காசாக்கிட்டாங்க. சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா பங்கு கேப்பாங்கன்னு இல்லவே இல்லேன்னு சாதிக்கிறாங்க. இப்படி நூறு பேரப் பாத்துட்டோம். நீங்களும் வாங்குனப்புறம் அப்படித்தான் சொல்லுவீங்க."

அவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதானே என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்வதென்றால், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

அந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. நான் குத்தகை ஓட்டும் நிலத்தில் மூன்று மாவை அதன் சொந்தக்காரர் தர்மாம்பாள் விற்கப் போகிறார். பத்தொன்பது வருடமாக உழுத நிலம். அதில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த மூலை சீக்கிரம் காயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பரிசுத் தொகை வந்தால் அதை நானே வாங்கிவிடலாம்.

சகோதரி, மறைப்பதாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் காரில் எனக்குப் பங்கு வேண்டாம். வந்தது, வரவில்லை, இரண்டில் ஒன்றை நேராகச் சொல்லுங்கள். இருபத்தேழாம் தேதிவரை பார்ப்பேன். அதற்குமேல் என்னால் மேனேஜரிடம் நாளைத் தள்ளிப்போட முடியாது.

குணசேகரன்


அக்கரைப்பேட்டை
25.06.2025
ஸ்பீடு போஸ்ட்

குணசேகரன் அண்ணனுக்கு,

கட்டாதீர்கள்.

கார் வரவில்லை. பணமும் வரவில்லை. ஒரு சைக்கிள்கூட வரவில்லை. இந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டாலும் போதும். மீதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷம் மீன்பிடித் தடைக் காலத்தில் எனக்கும் அதே தபால் வந்தது. தடை என்றால் இரண்டு மாதம் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. எங்கள் பைபர் படகும் எஞ்சின் கோளாறில் அடிக்கடி நின்றுபோன நேரம். நான் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். விற்க மீன் இல்லை. கருவாடு விற்று ஓட்டிக்கொண்டிருந்தேன். சுரண்டினேன், அதே இரண்டாம் பரிசு. முதலில் கேட்டது அதே பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. அப்புறம் வரி. அப்புறம் காரை லாரியில் ஏற்றும் செலவு. என் தோடும் சங்கிலியும் போயின. வக்கீல் என்று வந்தவர், போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இன்னும் ஐயாயிரம் வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். அது என் முகம்தான். கார் என் பெயரில் பதிய வேண்டும் என்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஆதார் நகலும் வாங்கினார்கள். அந்த போட்டோவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே யாரோ. என்னிடம் அப்படி ஒரு பட்டுப்புடவை கிடையாது. அந்தக் கையைப் பாருங்கள், நகம் வளர்த்துச் சாயம் பூசியிருக்கிறது. என் கை இருபது வருஷமாக மீன் வெட்டுகிற கை. அரிவாள்மனைத் தழும்பு ஏழு இருக்கிறது.

நிஜ முகவரியை ஏன் போட்டார்கள் என்று யோசித்தேன். முழு முகவரியைப் பார்த்தால் நம்பிக்கை வரும். ஒருத்தரும் மெனக்கெட்டு எழுதிக் கேட்கமாட்டார்கள் என்றும் அவர்களுக்குத் தெரியும்.

பணம் போனதை நான் எப்போதோ மறந்திருப்பேன். இந்தப் படம்தான் என்னை விடவில்லை. என் மூத்தார் ஜெயபால், என் வீட்டுக்காரரின் அண்ணன், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். படகு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. போன ஐப்பசியில் அவர் மச்சினன் வீட்டுக்கு இந்தப் புத்தகம் வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்.

"எஞ்சின் மாத்த வழியில்லாம நாங்க தவிக்கிறோம். நீ காரை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"சத்தியமா வரலைங்க. ஏமாந்துட்டேன்."

"அப்ப படத்துல நிக்கிறது யாரு? ஒன் ஆவியா?"

அன்றைக்கு நின்ற பேச்சு. எட்டு மாதமாக எஞ்சினைச் சரிசெய்யாமல் படகு கரையில் கிடக்கிறது. ஒருவர் மட்டும் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. என் வீட்டுக்காரர் வேறு ஆளின் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். போனால் ஐந்து நாள், ஆறு நாள்.

உங்கள் மேனேஜர் என்னைப் பற்றிச் சொன்னதும், என் மூத்தார் சொன்னதும் ஒரே வார்த்தை. அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது.

அண்ணா, நடவுப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

கனகா


திருக்காட்டுப்பள்ளி
01.07.2025

அன்புள்ள தங்கை கனகாவுக்கு,

கட்டவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். "நாளைக்கு நாலாவது சனிக்கிழமை, பேங்க் லீவு சார். இன்னைக்கே கட்டிருங்க. உங்க வண்டி லாரில ஏறிருச்சு" என்றார். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேங்க் திறக்கப் பத்து மணி ஆகும். அதற்கு முன்னால் தபாலாபீசுக்குப் போனேன். உங்கள் பதில் வராவிட்டால் கட்டிவிடுவது என்றுதான் மனதில் இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

தபால் கொண்டுவரும் பெண் அஃப்ரீன் அப்போதுதான் பையைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"நாகப்பட்டினத்துலேர்ந்து எனக்கு ஏதும் வந்துருக்காம்மா?"

"இப்பத்தான் அண்ணே பிரிக்கிறேன். உக்காருங்க." கொஞ்ச நேரத்தில், "ஸ்பீடு போஸ்ட்டு இருக்கு. இந்தாங்க, கையெழுத்துப் போடுங்க."

அங்கேயே பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏமாந்த வருத்தம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. மூன்று வாரமாக நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. போன் அடித்தால் கொல்லைப்பக்கம் ஓடிப் போய்ப் பேசினேன். குந்தவை எதிரே வந்தால் கணக்குப் பார்ப்பதுபோல நடித்தேன். அதெல்லாம் இனி வேண்டாம் என்று ஆனதே, அதற்கே உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

"என்னண்ணே, கெட்ட சேதியா?" என்று அஃப்ரீன் கேட்டது.

"இல்லம்மா. ரொம்ப நல்ல சேதி."

பேங்குக்குப் போகவில்லை. நேரே வயலுக்குப் போய், மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லிவிட்டேன். பதினொரு மணிக்கு மேனேஜர் மறுபடி கூப்பிட்டார்.

"சார், பேங்க்ல இருக்கீங்களா?"

"வயல்ல இருக்கேன். நாத்துப் பறிக்கச் சொல்லியிருக்கேன்."

"அப்ப வண்டி?"

"கனகா எழுதிட்டாங்க, சார்."

"எந்தக் கனகா?" என்றார்.

நாலு நாளைக்கு முன்னால் உங்களைப் பற்றி அத்தனை கதை சொன்ன மனிதருக்கு உங்கள் பெயர்கூட நினைவில்லை. அந்த ஒரு கேள்வியில் எனக்கு மிச்சம் மீதி இருந்த ஆசையும் போய்விட்டது. கேஸ் போடுவேன், போலீஸ் வரும் என்று மிரட்டினார். நானே போலீசுக்குப் போகப்போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னபடி சைபர் கிரைம் எண் 1930க்குப் பேசி, திங்கட்கிழமை தஞ்சாவூர் போய்ப் புகாரும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கடிதத்தின் நகலையும் வைத்தேன். அனுமதி கேட்க நேரமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். என் பக்கத்து வயல் மருதையனிடம் மெதுவாக விசாரித்தேன். அவனுக்கும் அதே தபால் வந்திருக்கிறது. மூன்றாம் பரிசாம். ஒருவருக்கும் சொல்லாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தான். அவனுடைய புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வெள்ளைக் கார், அதே நம்பர், அதே மாம்பழ நிறப் புடவை, அதே சாயம் பூசிய நகம். தலை மட்டும் வேறு. கீழே வேறு பெயர், வேறு ஊர்.

என் புத்தகத்தின் பக்கத்தையும் அவனுடையதையும் அசலாகவே அனுப்புகிறேன். போலீசுக்கு நகல் கொடுத்துவிட்டேன். இவை உங்கள் மூத்தார் கண்ணில் பட வேண்டும்.

உங்கள் அண்ணன்,
குணசேகரன்

குந்தவையிடம் இன்னும் சொல்லவில்லை.


அக்கரைப்பேட்டை
09.07.2025

அண்ணனுக்கு,

இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

உங்கள் தபால் வந்தபோது என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மூத்தார் வீட்டுக்குப் போனேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கிறேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் தலையைத் தூக்கவில்லை. வலைமேலேயே இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல எந்தத் தலை காரை வாங்குச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

முதலில் கையால் தள்ளிவிடப் பார்த்தார். அப்புறம் குனிந்தார். ஒரு தாளில் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார். இன்னொன்றிலும் அப்படியே மறைத்துப் பார்த்தார். நம்பர் பிளேட்டை வாய்விட்டுப் படித்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

அதற்குள் அவர் மனைவி நீலாயதாட்சி அக்கா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தது. பார்த்த உடனே நெஞ்சில் அடித்துக்கொண்டது.

"ஐயோ, இதுக்கா நாமளும் கட்டுனோம்!"

"வாய மூடு" என்றார் மூத்தார்.

"இனிமே என்னத்த மூடுறது? மூணு தடவ கட்டியாச்சு. கனகாவுக்கே வந்துருச்சு, நமக்கு வராதான்னு சொல்லிச் சொல்லிக் கட்டுனீங்க!"

அண்ணா, கேட்டீர்களா? மச்சினன் வீட்டில் என் படத்தைப் பார்த்தவர் அங்கேயே அவர்கள் அட்டையை வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் படத்தை நம்பிப் பணம் கட்டியிருக்கிறார். நான் வாங்கியது நிஜம் என்றால் அவருக்கு வருவதும் நிஜம். அதனால்தான் கார் வரவில்லை என்று நான் சொன்னபோது அவருக்கு அத்தனை ஆத்திரம். என்னை நம்பினால் தன் பணம் போனதை ஒத்துக்கொள்ள வேண்டுமே. கார் வந்ததும் விற்று, தனியாகப் புது எஞ்சின் போட்டுக்கொள்ளலாம் என்று எட்டு மாதமாகக் காத்திருந்திருக்கிறார். அதனால் பழைய எஞ்சினைத் தொடவே இல்லை.

நான் கோபப்படுவேன் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தது. சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம். மூத்தார் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் கரைக்கு வந்தார். மூத்தார் துறையிலேயே நின்று கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "தப்பாப் பேசிட்டேன் கனகா. ஒங்கிட்ட ஒரு வார்த்த பொறுமையாக் கேட்டுருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மெக்கானிக் காத்தானை அழைத்துவந்து எஞ்சினைப் பிரித்தார்கள். இரண்டு சாமான் மாற்றினால் ஓடும் என்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை நம்பவில்லை. எங்கேயோ இருக்கும் நீங்கள் உறை வாங்கி, தபால்தலை ஒட்டி, எழுதிக் கேட்டீர்கள். அப்படி ஒருவர் கேட்டிருக்காவிட்டால் இந்தப் படகு கரையிலேயே மட்கிப் போயிருக்கும்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. குந்தவை அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு வீட்டையும் பார்த்தீர்களே.

கனகா


திருக்காட்டுப்பள்ளி
20.07.2025

அன்புத் தங்கைக்கு,

சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை களை பார்க்க இருவரும் வயலுக்குப் போயிருந்தோம். நட்ட பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். பரிசு விழுந்ததிலிருந்து பணம் கட்டியதுவரை சொல்லி முடித்தேன். குந்தவை சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கட்டுனீங்க?"

"பன்னண்டாயிரத்து எண்ணூறு."

"நடவுக் காசுல கை வச்சீங்களா?"

"இல்ல. வைக்கப் போனேன். அதுக்குள்ள லெட்டர் வந்துருச்சு."

பெரிதாக மூச்சு விட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கொல்லப்பக்கம் போயிப் போயிப் பேசுனத நான் வேற என்னென்னமோ நெனச்சேன்" என்றாள். என்ன நினைத்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதமாக அவள் என்னோடு சரியாகப் பேசாததைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. என் கவலையிலேயே மூழ்கிக் கிடந்திருக்கிறேன்.

இரண்டு நாள் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். உங்கள் வீட்டுக்காரர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்கு இப்போது புரிகிறது. மூன்றாம் நாள் உங்கள் கடிதங்களையெல்லாம் வாங்கி உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதற்கு வேறு திட்டு விழுந்தது.

நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தர்மாம்பாள் மூன்று மாவை விற்றுவிட்டார். வாங்கியவர் வெளியூர். கையெழுத்தான அன்று எனக்கு மனசு சரியில்லை. ஆனால் குந்தவை நேரே தர்மாம்பாளிடம் போய், "மிச்ச ஆறு மாவும் எங்ககிட்டதான் இருக்கணும், வாயால சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். "ஒங்களத் தவிர யாருட்ட குடுக்கப் போறேன்?" என்று அவர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்க எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. கார், பரிசு என்று என் கண்ணெல்லாம் எங்கேயோ இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது. நான் பணம் கட்டிய பேங்க் கணக்கை முடக்கிவிட்டார்களாம். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. நீங்களும் உங்கள் மூத்தாரும் நாகப்பட்டினத்தில் புகார் கொடுங்கள். என் புகார் எண்ணைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மருதையன் புத்தகத்தில் இருந்த இன்னொரு பெண்ணின் முகவரிக்கும் எழுதிப் பார்த்தேன். அப்படி ஒரு தெருவே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. நிஜ முகவரி உங்களுடையது ஒன்றுதான் போலிருக்கிறது. அது என் அதிர்ஷ்டம்.

குறுவை அறுத்ததும் புது அரிசி ஒரு மூட்டை பஸ்ஸில் ஏற்றி அனுப்பச் சொல்லி அண்ணியின் உத்தரவு. மறுத்து எழுத வேண்டாம். எழுதினால் திட்டு எனக்குத்தான் விழும்.

குணசேகரன்


அக்கரைப்பேட்டை
17.08.2025

குணசேகரன் அண்ணனுக்கும் குந்தவை அண்ணிக்கும்,

அரிசியை மறுக்கவில்லை. கருவாட்டை நீங்களும் மறுக்கக் கூடாது.

புகார் கொடுத்துவிட்டோம். மூத்தார் முதலில் வெட்கப்பட்டு வரமாட்டேன் என்றார். அங்கே போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் ஒரு வாத்தியார் அதே அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் இவருக்குத் தெம்பு வந்துவிட்டது. வரிசையில் எல்லோருக்கும் எப்படி எழுத வேண்டும் என்று இவரே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு சேதி. எனக்குத் தபால் வர ஆரம்பித்திருக்கிறது. அந்தப் புத்தகம் இன்னும் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது போல. ஆடி மாதத்தில் மட்டும் பதினோரு கடிதம். பேராவூரணி, அரியலூர், சேலம் பக்கத்தில் ஒரு ஊர். எல்லோரும் கேட்பது ஒன்றுதான், உங்களுக்குக் கார் வந்ததா? ஒரு பெரியவர் என்னை 'அதிர்ஷ்டலட்சுமி' என்று எழுதியிருந்தார். ஒரு பெண் தாலிக்கொடியை அடகு வைக்கப் போவதாக எழுதியிருந்தது.

போன வருஷமாக இருந்தால் ஒவ்வொன்றையும் கிழித்துப் போட்டு அழுதிருப்பேன். இப்போது வீட்டில் நான்கு பேரும் உட்கார்ந்து பதில் எழுதுகிறோம். நான் சொல்வேன், நீலாயதாட்சி அக்கா எழுதும், அதற்கு எழுத்து நன்றாக இருக்கும். என் வீட்டுக்காரர் பசை தடவி ஒட்டுவார். முகவரி எழுதுவது மூத்தார் வேலை. நான் எழுதுகிறேன் என்று சொன்னால் விடமாட்டார். ஒரு எழுத்துத் தப்பினாலும் போய்ச் சேராது என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

பதினோரு பேரில் ஒன்பது பேர் திரும்ப எழுதிவிட்டார்கள். பணம் கட்டவில்லையாம். தாலிக்கொடி வைக்க இருந்த பெண்ணும் அதில் ஒன்று. மற்ற இரண்டு பேருக்கு மறுபடியும் எழுதியிருக்கிறோம்.

படகு ஓடுகிறது. எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். இன்றைக்குக் காலையில்தான் அண்ணனும் தம்பியும் சேர்ந்து போனார்கள். வலையில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

துறையில் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. கூடையை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். நான் போக வேண்டும்.

உங்கள் தங்கை,
கனகா